யார் காசு, யார் கணக்கு – கடிதம்

வணக்கம் சார்,

கட்சிகளுக்கு கம்பெனிங்க கொடுக்கற பணத்த பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நான் ஈரோட்டுல ஒரு தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். எங்க முதலாளி எலெக்‌ஷன் வந்தா எல்லா கட்சிக்கும் ஏதாவது கொடுப்பார். அது அவர் சம்பாதிச்ச காசு, அவங்களும் கேட்டுத்தான் வாங்கறாங்க. ரெண்டு பக்கமும் சம்மதம்னா மூணாவது ஆளுக்கு என்ன நஷ்டம்? தேர்தல் பத்திரம்னு ஸ்டேட் பேங்க்ல காசு கட்டி வாங்கி கட்சிக்கு கொடுத்தாங்களே, கட்சி அத பணமாக்கிக்கும், அதுல பணம் பேங்க் வழியா வெள்ளையா போச்சு. கொடுத்தவன் பேர் வெளிய தெரிஞ்சா, கிடைக்காத கட்சி நாளைக்கு ஆட்சிக்கு வந்து பழி வாங்கும், அதுக்காகத்தானே ரகசியம் வச்சாங்க? அப்புறம் நீங்க பிஜேபிய மட்டும் சொல்றீங்க, நம்மூர் கட்சிங்கள விட்டுட்டீங்கன்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

இதுல தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டத நிறைய பேர் மனசுக்குள்ள கேட்டுட்டு விட்டுடறாங்க.

எங்கப்பா உரக்கடை வச்சிருந்தார். தேர்தல் சமயத்துல கரை வேட்டி கட்டின நாலு பேர் வருவாங்க, ரசீது புக்க மேஜை மேல விரிச்சு கடைப் பேர எழுதிட்டு, தொகை எழுதற இடத்த மட்டும் காலியா விட்டுட்டு பேனாவ கையில வச்சுக்கிட்டு அப்பா மூஞ்சியவே பாப்பாங்க. அவர் ஒரு தொகை சொல்லுவார். ரெண்டு நாள் கழிச்சு அடுத்த கட்சிக்காரங்க வருவாங்க, அவங்களுக்கும் அதே தொகை. ரெண்டு ரசீதும் கரண்ட் பில் குத்தி வைக்கற கம்பியில ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும். அந்தக் காசால எங்களுக்கு எதுவும் கிடைச்சதில்ல, கடை வாசல்ல பிரச்சன வராம இருந்தா போதும்னு கொடுத்தார். உங்க முதலாளி கொடுக்கறதும் அனேகமா இந்த ரகம்தான், அதனால அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் எழுதினது கேட்டவுடனே பயந்து கொடுக்கறவன பத்தி இல்ல, திரும்பி வரும்னு கணக்கு போட்டு கொடுக்கறவன பத்தி.

2024 பிப்ரவரி 15 அன்னைக்கு தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகளும் ஒருமனதா சொன்னாங்கல்ல, அந்தத் தீர்ப்புலயும் இந்த வித்தியாசம் இருக்கு. தனி மனுஷன் ஒரு கட்சிய புடிச்சுப்போய் கொடுக்கலாம், கம்பெனி கொடுக்கறது பதிலுக்கு ஆதாயம் எதிர்பாத்து செய்யற வியாபாரம், ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாதுன்னு அப்ப தலைமை நீதிபதியா இருந்த சந்திரசூட் எழுதினார்.

"அவர் சம்பாதிச்ச காசு"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அக்கவுண்ட்ஸ்காரர், உங்களுக்கு இது டக்குனு புரியும். 2017க்கு முன்னாடி ஒரு கம்பெனி கடைசி மூணு வருஷ நிகர லாபத்தோட சராசரியில 7.5 சதவீதத்துக்கு மேல கட்சிகளுக்கு கொடுக்க முடியாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவுன்னு கணக்குலயும் காட்டணும். 2017 நிதி மசோதாவுல அந்த வரம்பையும் தூக்கிட்டாங்க, கட்சி பேர காட்டணுங்கறதையும் தூக்கிட்டாங்க. அதாவது நஷ்டத்துல ஓடற கம்பெனியும் எவ்வளவு வேணா கொடுக்கலாம்னு ஆச்சு. லாபமே இல்லாதவன் கோடிக்கணக்குல கொடுக்கறான்னா அது எங்கேர்ந்து வருது? ஒண்ணு வேற யாரோ பின்னாடி இருந்து கொடுக்கற காசு, இல்லன்னா இனிமே வரப்போற காண்ட்ராக்டுல எடுக்கலாம்னு போடற காசு. காண்ட்ராக்டுல எடுக்கறதுன்னா ரோட்டுல தார் குறையும், இல்ல டெண்டர் தொகை ஏறும், அது நம்ம வரிப்பணம். நீங்க கேட்டீங்களே மூணாவது ஆளுக்கு என்ன நஷ்டம்னு, அவன் பாக்கெட்டுலதான் ரெண்டு பேரும் கை வச்சிருக்காங்க, அவன்கிட்ட மட்டும் யாரும் சம்மதம் கேக்கல.

ரகசியத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இது. அந்தப் பத்திரத்துல காசு கட்டி அத வாங்கினவன் பேர் இருக்காது. ஆனா 2018ல பத்திரிகையாளர் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபா பத்திரம் ரெண்டு வாங்கி லேப்ல கொடுத்து பாத்தப்ப, புற ஊதா வெளிச்சத்துல அதுல எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தெரிஞ்சுது, ஒவ்வொரு பத்திரத்துக்கும் வேற வேற. அத வித்தது ஸ்டேட் பேங்க் மட்டும்தான், அது அரசாங்க பேங்க். அப்ப கொடுத்தவனுக்கு தெரியும், வாங்கின கட்சிக்கு அவனே போய் சொல்லுவான், ஆட்சியில இருக்கறவங்க நெனச்சா எதிர்க்கட்சிக்கு யார் கொடுத்தாங்கன்னும் தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு, ஓட்டு போடற உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியக்கூடாது. பழி வாங்கிடக்கூடாதுன்னு வச்ச ரகசியம்னா அத மொதல்ல ஆளுங்கட்சிகிட்டேர்ந்துல்ல மறைச்சிருக்கணும்?

நம்மூர் கட்சிங்கள விட்டுட்டேன்னு சொன்னது நியாயமான குறை, ஒத்துக்கறேன். இந்தியாவுலயே அதிகமா, 1,368 கோடிக்கு பத்திரம் வாங்கினது ஃப்யூச்சர் கேமிங், நம்ம கோயம்புத்தூர் சாண்டியாகோ மார்ட்டினோட லாட்டரி கம்பெனி. திமுக தானே கொடுத்த விவரப்படி பத்திரத்துல வந்த 656.5 கோடியில 509 கோடி இந்த ஒரே கம்பெனி கொடுத்தது. வங்காளத்து கட்சியான திரிணாமுல் காங்கிரசுக்கு அதவிட கொஞ்சம் அதிகமாவே போச்சு, பிஜேபிக்கு 100 கோடி. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய தடை பண்ணிட்டோம், ஏன்னா கூலிக்காரங்க அன்னாட சம்பளத்த அதுல விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு போனாங்க. வங்காளத்துல இன்னும் சீட்டு விக்குது. அங்க ஒரு ரிக்‌ஷாக்காரர் வாங்கின சீட்டுக் காசு இங்க ஒரு கட்சியோட கணக்குல வந்து விழுந்திருக்கு, நான் ஓட்டு போட்ட கட்சியா இருந்தாலும் இத என்னால ஜீரணிக்க முடியல.

பதிலுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேப்பீங்க. அரபிந்தோ பார்மா டைரக்டர் ஒருத்தர டெல்லி மதுபான கொள்கை கேஸ்ல அமலாக்கத்துறை 2022 நவம்பர் 10ஆம் தேதி கைது பண்ணுது, 15ஆம் தேதி அந்தக் கம்பெனி 5 கோடிக்கு பத்திரம் வாங்குது, அது பிஜேபிக்கு போகுது, அடுத்த வருஷம் ஜூன்ல அவர் அப்ரூவர் ஆகறார். இதுக்குத்தான் இதுன்னு நான் சொல்லல, தேதி பக்கத்துல பக்கத்துல இருக்கறது சாட்சி ஆகாது, விசாரிச்சாதான் தெரியும். விசாரிக்க தனிக்குழு போடணும்னு போட்ட மனுவ 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கல, அதுல எனக்கு பெரிய ஏமாற்றம்.

பத்திரத்த ஒழிச்சு என்ன ஆச்சுன்னா, முழுசா சரியாகல. அறக்கட்டளை வழியா பணம் போயிட்டுதான் இருக்கு, எலெக்டோரல் டிரஸ்டுன்னு சொல்றாங்க, பத்து கம்பெனி ஒரே உண்டியல்ல போட்டு அதுலேர்ந்து கட்சிகளுக்கு பிரிச்சு கொடுத்தா எந்த கம்பெனி காசு எந்த கட்சிக்குன்னு மறுபடியும் மங்கலாயிடும். தடை பண்ணிட்டா தீந்துதுன்னும் சொல்ல மாட்டேன், 1969ல இந்திரா காந்தி கம்பெனி நன்கொடைய மொத்தமா தடை பண்ணாங்க, பணம் நிக்கல, கறுப்பா மாறுச்சு, 1985ல மறுபடியும் அனுமதிச்சாங்க. ஒரு எம்பி வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல செலவு பண்ணக்கூடாது, ஆனா அவரோட கட்சி எவ்வளவு வேணா பண்ணலாம், அந்த ஓட்டைய அடைக்காத வரைக்கும் கட்சிங்க கம்பெனி வாசல்ல நின்னுட்டுதான் இருப்பாங்க.

ஒண்ணு செய்ய முடிஞ்சா செய்யுங்க. தேர்தல் கமிஷன் சைட்ல பத்திரம் வாங்கினவங்க பட்டியலும் பணமாக்கின கட்சிங்க பட்டியலும் பிடிஎஃப்பா இருக்கு, 2024 மார்ச் 21 அன்னைக்கு ஸ்டேட் பேங்க் கொடுத்த குறியீட்டோட. உங்களுக்கு ரெண்டு லெட்ஜர பக்கத்துல வச்சு டிக் போட்டு பழக்கம் இருக்கும். ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்து கம்பெனி பேரெல்லாம் தேடி, எந்தக் குறியீடு எங்க போய் சேந்துதுன்னு பாத்து எழுதி அனுப்புங்க. போடறேன்.