ஆறு வருடம் காத்திருந்தேன், இப்படி ஆகிவிட்டதே!

கேள்வி: பதினாறு வயதில் படிக்கத் தொடங்கிய ஒரு ஃபேண்டஸி நாவல் தொடரின் ஐந்தாம் பாகம், ஆறு வருடம் கழித்து இப்போது வந்திருக்கிறது. இரண்டே நாளில் முடித்தேன். முடித்ததும் அழுகைதான் வந்தது. நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், பனி மூடிய கோட்டை வாசலில் தன்னந்தனியாக நெருப்பை எழுப்பி நின்ற என் நாயகி, இதில் முந்நூறு பக்கம்வரை தலையே காட்டவில்லை. பிறகு வருகிறாள், வலது கை விளங்காமல், ஒரு படகுத்துறையில் உப்பு அளந்து விற்பவளாக. அந்த வாசலில் என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை. ஆசிரியருக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? தொடரை இத்தோடு விட்டுவிடலாமா? தம்பி இப்போதுதான் இரண்டாம் பாகத்தில் இருக்கிறான், அவனையாவது தடுக்கலாமா? ‘கதைதானே, இதற்குப் போயா அழுவாய்’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பை ஒதுக்கி வையுங்கள். பதினாறு வயதிலிருந்து மனதுக்குள் குடியிருக்கும் ஒருத்திக்குக் கை போய்விட்டது என்றால் அழுகை வரத்தான் செய்யும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீங்கள் எந்தத் தொடரைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துவிட்டது. நானும் படித்தேன். இன்னும் படிக்காதவர்களுக்காகப் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

உங்கள் கோபத்தில் ஒரு பகுதி நூற்றுக்கு நூறு நியாயம். அரசவைச் சதி, அதற்குள் இன்னொரு சதி என்று அந்த முந்நூறு பக்கமும் இழுவைதான். முதல் பாகத்தில் முப்பது நாள் பிடித்த கடல் பயணத்தை இதில் ஒரு தூதன் இரண்டே நாளில் முடித்துவிடுகிறான், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். மாயமும் மந்திரமும் உள்ள கதைக்குத்தான் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். அந்த உலகத்தை நாம் நம்புவது அதன் விதிகளை வைத்துத்தானே!

ஆனால் நாயகியின் கை விஷயம் வேறு. இரண்டாம் பாகத்தில் அவளுடைய ஆசான் சொல்வதை நினைத்துப் பாருங்கள்: நெருப்பை எழுப்புகிறவர் உடம்பிலிருந்து அது ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும். அவருக்கே இடது காது கேட்காது. அப்படியானால் அந்த வாசலில் அவள் எதையோ கொடுத்தாக வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆசிரியர் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். உங்களுக்கு வலித்தது உண்மை, ஆனால் கதை பிசகவில்லை. ‘நான் நினைத்தது நடக்கவில்லை’ என்பதும் ‘கதை சொன்ன சொல்லை மீறிவிட்டது’ என்பதும் வேறு வேறு. கடல் பயணம் இரண்டாவது வகை, கை முதல் வகை. புத்தகத்தை மூடிய சூட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆறு வருடமாக ஐந்தாம் பாகத்தை நீங்களே மனதுக்குள் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். தூங்கப் போகும் முன் அந்த வாசலுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்! கடையில் வாங்கிய புத்தகம் அந்த எழுதாத புத்தகத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. எந்த எழுத்தாளர் வந்தாலும் அதில் ஜெயிப்பது கஷ்டம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் ‘எர்த்சீ’ என்ற ஃபேண்டஸி வரிசையின் முதல் மூன்று நாவல்களை 1968, 1971, 1972 ஆகிய வருடங்களில் எழுதினார். நான்காவதான ‘தெஹானு’ வெளிவந்தது 1990-ல், பதினெட்டு வருடம் கழித்து. நான் நான்கையும் அடுத்தடுத்துப் படித்தவன். அந்த இடைவெளி எனக்கு இல்லை, ஆனாலும் ஏமாந்தேன். கடலையும் காற்றையும் அடக்கிய பெருமந்திரவாதி கெட், ஒரு டிராகனின் முதுகில் நினைவில்லாமல் வந்து சேர்கிறார். சக்தி முழுவதும் போய்விட்டது. பிறகு மலையில் ஆடு மேய்க்கப் போகிறார். கதையைத் தாங்குவதோ கணவனை இழந்த நடுவயதுக்காரி தெனாரும், நெருப்பில் சுடப்பட்டு முகம் சிதைந்த ஒரு குழந்தையும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று பாதியில் மூடி வைத்தேன்.

சில வருடம் கழித்து, வீட்டில் நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் அதை மறுபடி எடுத்தேன். சக்தி போன பிறகும் ஒரு மனிதர் மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் அதில் பார்த்தேன். இன்று நான்கில் எனக்கு நெருக்கமானது அதுதான். உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது, அவ்வளவுதான்.

நாயகியை ஏன் இவ்வளவு நேரம் மறைத்து வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நீண்ட தொடர்களில் இது அடிக்கடி வரும் சிக்கல். பாகத்துக்குப் பாகம் பாத்திரங்கள் பெருகும், ஒரே புத்தகத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த வரிசையின் நான்காம் நாவலை 2005-ல் கொண்டுவந்தபோது, எல்லோருடைய கதையிலும் பாதியைச் சொல்வதைவிடப் பாதிப் பேரின் கதையை முழுதாகச் சொல்லலாம் என்று பிரித்தார். முக்கியப் பாத்திரங்களான ஜான், டிரியன், டெனேரிஸ் மூவர் பார்வையிலும் அதில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவர்களுக்காக வாசகர்கள் 2011 வரை காத்திருந்தார்கள். ஆகவே அந்த வாசலில் நடந்தது ஆறாம் பாகத்துக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். அங்கேயும் வரவில்லை என்றால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருகிறேன்.

சரி, என்ன செய்வது? ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாதீர்கள். அப்புறம் முழுதாகப் படிக்க வேண்டாம், உப்புக் காட்சியை மட்டும் எடுங்கள். முதல் வாசிப்பில் வாசலைத் தேடிக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். அளக்கும் படியில் உப்பை அள்ளுகிறாள். மேல்மட்டத்தை இடது உள்ளங்கையால் வழிக்கிறாள், பழக்கமில்லாத கை, ஓரத்தில் கொஞ்சம் சிந்துகிறது. வாங்க வந்த கிழவி எதுவும் சொல்லாமல் சிந்தியதையும் கூட்டி அள்ளித் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். நாயகி நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஐந்து பாகத்திலும் இதைவிட நல்ல பக்கம் இல்லை என்பேன். அதைப் படித்தும் உங்களுக்குள் ஒன்றும் அசையவில்லை என்றால், தொடரைத் தாராளமாக விட்டுவிடுங்கள். முதல் நான்கு பாகங்கள் தந்த சந்தோஷம் உங்களுடையது, அதை ஐந்தாவது வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

அந்த நான்கு பக்கக் கடிதத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம். ‘நீங்கள் இப்படி எழுதியிருக்க வேண்டும்’ என்று வரும் வரிகளையெல்லாம் அடித்துவிடுங்கள். பதினாறு வயதில் அவளை முதலில் சந்தித்தது, ஆறு வருடம் காத்திருந்தது, இப்போது அழுதது எல்லாம் இருக்கட்டும். கடல் பயணக் கணக்கையும் மறக்காமல் கேளுங்கள். எழுதுகிறவர்களுக்கு அந்த மாதிரிக் கடிதம்தான் உபயோகம்.

தம்பியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், முகத்தில்கூடக் காட்டாதீர்கள். உங்களுக்குக் கிடைத்த அந்தப் பனி வாசல் அவனுக்கும் கிடைக்கட்டும். அதன் பிறகு அவன் ஆறு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, மறுநாளே ஐந்தாம் பாகத்தைப் பிரிப்பான். உப்புக் காட்சியை அவன் எப்படிப் படித்தான் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.