சுருதி இறங்கிய கேசட், உறுமும் ஆம்ப்ளிஃபயர்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு ஒலிக்கருவிகள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தின் கைவரிசை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி (மன்னார்குடி): 1980-களில் கோயில் கச்சேரிகளிலும் வீட்டுக் கல்யாணங்களிலும் பதிவு செய்த நாற்பது கேசட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அடைமழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி. ஒன்றிரண்டைப் போட்டேன். பாட்டு இழுவையாகப் போகிறது, சுருதியும் இறங்கிவிட்டது. கெட்டுப்போனது டேப்பா, அதைப் போடும் டெக்கா?

பதில்: இரண்டும்தான், ஆனால் தனித்தனி நோய். முதலில் கேசட் போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பொடி பூஞ்சை. ஒரு கேசட்டிலிருந்து, டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றாடும் இடத்தில் உட்காருங்கள். ஐந்து ஸ்க்ரூ உள்ள கேசட் என்றால் கழற்றி, மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் சுருள் கலைந்து பாம்பு மாதிரி மடியில் விழும். உள்ளே இரண்டு வழுவழுப்பான தாள், மூலைக்கு ஒன்றாகச் சின்ன உருளை, நடுவில் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கின் மேல் ஒட்டிய ஃபெல்ட் துண்டு இருக்கும். எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று மொபைலில் படம் எடுத்துவிட்டுக் கை வையுங்கள். சுருளின் பக்கவாட்டுப் பொடியை உலர்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். கேசட்டை மூடி, டேப் வெளியே தெரியும் இடத்தில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை லேசாகத் தொடும்படி பிடித்து, பென்சிலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுங்கள். துணியின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் டேப்பில் படவேண்டாம். ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால், தேவையில்லாத ஒரு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஹெட்டில் டேப் அழுந்தாது, சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட்டைப் பிளந்து, சுருளை மட்டும் ஸ்க்ரூ வைத்த காலிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

இனி சுருதி. டெக்கைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், பல டெக்குகளில் தார்போல உருகியே இருக்கும். அந்தக் கறுப்பு வேட்டியில் பட்டால் போகாது, பழைய துணி உடுத்திக்கொண்டு இறங்குங்கள். பெல்ட் ஓடும் சக்கரத்தை (புல்லி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கறை முழுவதும் போகும்வரை துடையுங்கள். ஹெட்டையும் அதே பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி. புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க, பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி நீளம் பார்த்து, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து வாங்குங்கள். ரப்பர் பேண்ட் போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பாடும். ஆனால் அது ஒரே சீராக இழுபடாது. பாடகர் வைக்காத இடத்திலெல்லாம் கமகம் வரும்.

பெல்ட் மாற்றியும் சுருதி ஒட்டாவிட்டால் மோட்டாரின் பின்பக்கம் பாருங்கள். பல மோட்டார்களில் சின்ன துளை இருக்கும், உள்ளே வேகம் திருத்தும் திருகு. கடையில் வாங்கிய ஒரு கேசட்டைப் போட்டு, அதே பதிவை மொபைலிலும் வைத்து, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியால் இரண்டின் ஆதார சட்ஜமத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போவது வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம். ஆகவே திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். உங்கள் சொந்தப் பதிவை வைத்து இதைச் செய்யாதீர்கள். பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பதிந்த கச்சேரி என்றால், பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் மங்களம் பாடும் நேரத்தில் சுருதி ஏறி நிற்கும். அதற்கு டெக் பொறுப்பில்லை.

வைக்கும் முறை: சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிய பீரோ, அதற்குள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கினால் நீலம் திரும்பும், சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள். பாச்சை உருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி கேசட் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டால் பாட்டு ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகிறது.

பதில்: தம்புராவைத் தின்றுவிட்டது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் அந்த மென்பொருளுக்கு இரைச்சல். பாட்டு தொடங்குமுன் வெறும் டேப் ஓடும் இரண்டு நொடியை மாதிரியாகக் கொடுங்கள், தம்புரா கேட்கும் இடத்தைக் கொடுக்காதீர்கள். குறைப்பும் 6 டெசிபலுக்கு மேல் வேண்டாம். நம்மைக் கேட்டால் இரைச்சலோடு ஒரு மூலப் பிரதியைக் கட்டாயம் தனியாக வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், அமுக்காத கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்குச் சற்று மேல் ஆகும். மிருதங்கத்தின் தனி வரும் இடத்தில் அளவுமுள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஆலாபனையை வைத்து அளவு பார்த்தால் தனியில் உடைந்துவிடும்.

கேள்வி (திருவாரூர்): ஆம்ப்ளிஃபயரில் ஓயாமல் "ம்ம்ம்" என்று உறுமல். மூன்று ஊசி பிளக்கில் எர்த் ஊசியை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

பதில்: உறுமல் நிற்கலாம். உள்ளே ஒரு ஒயர் உரசி உடம்பில் பட்டால் ஈரத் தரையில் நிற்கும் நீங்களும் நிற்க மாட்டீர்கள். எர்த்தில் கை வைக்காதீர்கள்.

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் உறுமல் அதே அளவு இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில். பெரும்பாலும் பெரிய ஃபில்டர் கண்டென்சர் வறண்டிருக்கும். தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசுபிசுப்பு உண்டா என்று பாருங்கள். மேலே 4700 மைக்ரோஃபேரட் 50 வோல்ட் என்று இருந்தால் வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையவே கூடாது. மைனஸ் கோட்டைப் பார்த்து மாட்டுங்கள், தலைகீழானால் வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு காலுக்கும் குறுக்கே சில நொடி பிடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்துத் தொடுங்கள். வால்வு செட் என்றால் உள்ளே 250, 300 வோல்ட் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியையே திறக்க வேண்டாம். மாற்றியபின் முதல் முறை நேராக மின்சாரம் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்துக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

வால்யூமோடு சேர்ந்து உறுமல் ஏறி இறங்கினால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. எல்லா ஒயரையும் பிடுங்கி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். டெல்டா ஊர்களில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது செட்டாப் பாக்ஸ். தெருவிலிருந்து வரும் கேபிளுக்கு ஒரு எர்த், உங்கள் வீட்டுக்கு ஒரு எர்த், இரண்டுக்கும் நடுவே உங்கள் ஆடியோ ஒயர். கேபிளைத் திருகிக் கழற்றியதும் உறுமல் நின்றால் அதுதான். ஆடியோ ஒயரின் நடுவில் போடும் ஐசோலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ரெக்கார்ட் பிளேயர் உள்ளவர்கள் அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயர் பின்னால் முடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும். பாதிப் பேர் அது எதற்கு என்று தெரியாமல் சுருட்டி வைத்திருப்பார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: தலைக்கு விடுங்கள். குமிழுக்கு எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர். மின்சாரத்தைப் பிடுங்கி, கன்ட்ரோலின் கால்கள் உள்ள பிளவில் ஒரு முறை பீய்ச்சி, கோடிக்குக் கோடி முப்பது தடவை திருப்புங்கள். பதினைந்து நிமிடம் உலரட்டும். உப்புக் காற்றில் இது மறுபடியும் வரும். பின்பக்கச் சாக்கெட்டுகளில் செருகிய ஒயர்களையும் மாதம் ஒரு முறை கழற்றி மாட்டினாலே போதும்.

கேள்வி (திருவையாறு): வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 சுழற்சித் தட்டுகள் இருக்கின்றன. எல்பி (வினைல்) தட்டைப்போல ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? எல்பி ஓடும் பிளேயரில் போடலாமா?

பதில்: நல்லவேளை, துடைப்பதற்கு முன் கேட்டீர்கள். 78 தட்டு அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். தச்சர் பாலிஷ் போடுவது அந்த வித்தையை வைத்துத்தான். ஒரு துடைப்பில் நாயனம் போய்விடும். டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ், வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக. லேபிளில் நீர் படக்கூடாது. சோப்பில்லாத நீரால் உடனே அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். ஊறவைக்க வேண்டாம், ஈரம் இறங்கும். அடுக்கும்போது படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

எல்பி ஊசியின் முனை ஒரு மில்லில் 0.7 பங்கு, 78-க்கு 3 மில். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சின்ன முனை அகலமான பள்ளத்தின் அடியில், குப்பையில் உரசிக்கொண்டு ஓடும். கேட்பது முழுக்க இரைச்சல். பழைய பிளேயர்களில் ஊசியைத் திருப்பிப் போடும் நெம்புகோல் உண்டு. ஒரு பக்கம் 78, மறு பக்கம் எல்பி. மாற்றிப் போட்டு எல்பியைத் தேய்த்தவர்கள் ஏராளம். சாவி கொடுக்கும் கிராமஃபோன் என்றால் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று, அப்புறம் தூக்கி எறிய வேண்டும். தட்டிலுள்ள கல் தூள் ஊசியைத் தேய்த்து உளியாக்கியிருக்கும், அடுத்த பக்கத்தை அது செதுக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பொரிச்சல் கணிசமாகக் குறையும்.

கேள்வி (கும்பகோணம்): 8 அங்குல ஸ்பீக்கரின் விளிம்பு நுரை தொட்டால் மாவாக உதிர்கிறது. ஸ்பீக்கரையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் காட்டினால் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) நலம். விளிம்பு வளையத்தை உள்வட்டம், வெளிவட்டம் இரண்டும் அளந்து வாங்குங்கள். பழைய நுரையும் பசையும் காகிதக் கூம்பில் துளி இல்லாமல் சுரண்ட வேண்டும், அரை நாள் வேலை இதுதான். நடுவிலுள்ள தொப்பியைப் பிளேடால் அறுத்து எடுத்து, காயிலுக்கும் உள் இரும்புக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கீற்றுகளை நாலு திசையிலும் செருகுங்கள். அப்போதுதான் காயில் நடுவில் நிற்கும். உள்விளிம்பை முதலில் ஒட்டி, காய்ந்தபின் வெளிவிளிம்பு; துணி கிளிப் சுற்றிலும் மாட்டி 24 மணி நேரம். கீற்றை உருவி, கூம்பை இரண்டு கையாலும் சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் கோணலாக ஒட்டியிருக்கிறீர்கள், மறுபடி பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் உதிர்ந்தால் மறு பக்கமும் வரிசையில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): பேரன் ஏதோ "கீ"ன்னு கேட்குதுன்னு காதைப் பொத்திக்கொள்கிறான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பதில்: அவன் சொல்வது நிஜம். அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பக்கத்தில் பழைய படக்குழாய் டிவி ஓடினால் அது 15,625 ஹெர்ட்ஸில் கூவும். டிவியின் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறமும் பேரன் காதைப் பொத்தினால், எதுவும் பாடாதபோது ஆம்ப்ளிஃபயரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு (ஹீட் சிங்க்) கொதிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கொதித்தால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலைவு எடுக்கிறது, கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) எரியுமுன் மெக்கானிக்கிடம் கொடுங்கள். டிரெபிள் குமிழையும் உங்கள் காதை வைத்து முடிவு செய்யாமல் பேரனிடம் விடுவது வீட்டுக்கு நல்லது.

கேள்வி (பாபநாசம்): கூடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் எதிரொலி. சிவப்பு சிமென்ட் தரை, ஊஞ்சலில் உட்கார்ந்துதான் கேட்பேன்.

பதில்: ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆடினால் வயலின் வலமும் இடமுமாகப் போய் வருவது ஊஞ்சலின் உபயம். ஸ்பீக்கர்களுக்குள் ஆறடி, உங்களுக்கும் அவற்றுக்கும் ஆறேழு அடி, பின்சுவரிலிருந்து இரண்டடி. மூலையில் ஒட்டி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி கடம்போலக் கும்மும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். நடுத் தரையில் கனமான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. கையைத் தட்டினால் "டிங்" என்ற வால் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து இடம் மாற்றுங்கள். கோரைப்பாய் மெலிது, பெரிதாக உதவாது. ஏதாவது அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் பீரோ கதவிலும் ஷோகேஸ் கண்ணாடியிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை வைத்ததும் நின்றால் அங்கே ஒரு மடித்த காகிதம் செருகினால் தீர்ந்தது.