செங்கிஸ்கான் பௌத்தர் இல்லீங்க
ப்ரோ, உங்க பொண்ணோட ப்ராஜெக்ட்ல 'செங்கிஸ்கான்தான் மங்கோலியாவுக்கு பௌத்தத்தைக் கொண்டு வந்தார்'னு இருக்கே, அந்த ஸ்லைடை மொதல்ல தூக்கிடுங்க. அவர் கும்பிட்டது டெங்கிரி, அதாவது நீல வானம். பேரன் குப்ளாய் காலத்துல திபெத் லாமா பக்பா அரண்மனை வரைக்கும் வந்தார், ஆனா சாதாரண சனங்ககிட்ட பௌத்தம் பெருசா போய்ச் சேரல. நெசமான திருப்பம் 1578ல, மங்கோலியத் தலைவர் அல்தான் கான், திபெத் லாமா சோனம் கியாட்சோவைப் பாத்து 'தலாய் லாமா'ன்னு பட்டம் குடுத்தப்போதான், தலாய்னா மங்கோலிய மொழில கடல், கியாட்சோவுக்கும் திபெத்தியத்துல அதே அர்த்தம்தான், செம இல்ல? படம் வேணும்னா எர்தீன் சூ மடத்தைப் போடுங்க, சுத்தி வரிசையா ஸ்தூபி வச்ச வெள்ளை மதில், பழைய தலைநகர் காரகோரம் இடிபாட்டுக் கல்லை எடுத்துக் கட்டினது. அந்த வானமும் முழுசா போயிடல, இன்னிக்கும் பெரியவங்களுக்கு ரெண்டு கையாலயும் நீட்டுற கதக்ங்கிற பட்டுத் துணி பெரும்பாலும் நீலம்தான்.