வெறும் பிக்கப்பை மழையில் ஏற்காடு ஏற்றும்போது பின்பக்கம் ஏன் நழுவுகிறது?

கேள்வி: எங்களுக்கு நாகலூர் பக்கம் காபி, மிளகுத் தோட்டம். பழைய பொலிரோ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறோம், பின்சக்கர இழுவை மட்டும்தான். சேலம் லீ பஜாரில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மலை ஏறும்போது, மழை பெய்தால் கொண்டை ஊசி வளைவுகளில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. போன வாரம் பின்பக்கமே பக்கவாட்டில் நழுவிவிட்டது. கனடாவில் இருக்கும் என் மச்சான், அங்கே பனிக்காலத்தில் பிக்கப் பின்னால் மணல் மூட்டை போட்டு ஓட்டுவார்கள் என்கிறார். இங்கேயும் அது உதவுமா? இல்லை, இதை விற்றுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வாங்கிவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். மச்சான் சொன்னது சரிதான், மணல் மூட்டை ஏற்காட்டு மழைக்கும் உதவும். ஆனால் அதை எங்கே வைக்கிறீர்கள், எப்படிக் கட்டுகிறீர்கள் என்பது முக்கியம், தப்பான இடத்தில் வைத்தால் புதிதாக ஒரு தொல்லை சேரும்.

பிக்கப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின், டிரைவர் எல்லாமே முன்னால். பின்னால் இருப்பது தகரத் தொட்டியும் ஆக்சிலும், ஒரு டன்னுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்த விறைப்பான ஸ்பிரிங் பட்டைகளும்தான். லோடு இல்லாதபோது, வண்டியைத் தள்ள வேண்டிய அந்தச் சக்கரங்களின் மேல் மொத்த எடையில் பாதிகூட உட்காருவதில்லை. எடை அழுத்தினால்தானே டயருக்குப் பிடிமானம்? ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் துள்ளும், துள்ளுகிற அந்த நொடியில் இருக்கிற பிடிமானமும் போய்விடும். வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போக, உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும். எஞ்சினின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் மற்றதற்கும் இழுவை கிடைக்காது. கவனித்துப் பாருங்கள், அடிவாரத்திலிருந்து வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறும்போது இடதுபக்கம் திரும்புகிறவற்றில்தான் சக்கரம் அதிகமாகச் சுற்றும். நாம் இடதுபுறம் போவதால் அங்கே உள்ளோரம் நம் பங்குக்கு வருகிறது, ஏற்றம் மிகச் செங்குத்தாக இருப்பதும் அங்கேதான்.

மணல் மூட்டைக்கு வருவோம். 40 கிலோ அளவில் ஐந்து மூட்டை, மொத்தம் 200 கிலோ போதும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். பின் கதவை ஒட்டி வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் லேசாகிவிடும், ஈர ரோட்டில் அது இன்னும் ஆபத்து. மூட்டைகளைக் கயிறு போட்டுத் தொட்டியின் கொக்கிகளில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் அத்தனையும் கேபினை நோக்கி வரும். கல், இரும்புத் துண்டு என்று உதிரியாக எதையும் போட வேண்டாம். மணலில் இன்னொரு நல்லது, தோட்டத்துப் பாதைச் சேற்றில் சக்கரம் சிக்கினால் ஒரு மூட்டையைப் பிரித்து டயருக்கு முன்னால் கொட்டலாம். பனி நாட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய மற்ற ஏற்பாடுகள் நமக்கு வேண்டாம். குளிர்கால டயர், 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிவிடும் இடங்களுக்கானது. மணாலி பக்கம் சக்கரத்தில் கட்டும் சங்கிலி, பனி மூடிய ரோட்டுக்கானது.

ஆனால் என்னைக் கேட்டால், மணலை விட நல்ல வழி வெறும் வண்டியாக ஏறாமல் இருப்பதுதான். தோட்டத்துக்கு உரம், மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்கு அரிசி என்று எப்படியும் சேலத்திலிருந்து வாங்கத்தானே போகிறீர்கள், அதைச் சரக்கு இறக்குகிற நாளிலேயே வாங்கி ஆக்சில் மேல் அடுக்கிவிடுங்கள். கீழே முழு லோடு ஏற்றிப் போகும் நாளில் மணல் மூட்டையைத் தோட்டத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள், மணலின் எடையும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமைக் கணக்கில்தான் வரும்; திரும்பி ஏறும்போது வாங்கிய உரமும் தீவனமும் மணலின் வேலையைச் செய்யும்.

டயரில் பலர் செய்வது, நல்ல ஜோடியை முன்னால் போட்டுவிட்டுத் தேய்ந்ததையோ ரீட்ரெட் செய்ததையோ பின்னால் மாட்டுவது. உங்கள் வண்டிக்கு நல்ல ஜோடி பின்னால் இருக்கட்டும். முன் டயர் நழுவினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின்னால் நழுவினால் வண்டியே சுழலும். காடியின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள், சட்டப்படியான அளவு வரைக்கும் இழுக்க வேண்டாம். காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று சொல்வார்கள். முழு லோடுக்கான காற்றோடு வெறும் வண்டி ஓடினால் டயரின் நடுப்பகுதியே அதிகமாக ரோட்டில் அழுந்தும் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் அதே நாளில் லோடும் ஏற்றுகிறீர்கள். குறைந்த காற்றில் லோடு ஏற்றினால் டயர் சூடாகி வெடிக்கலாம். அதனால் காற்றை லோடுக்கு ஏற்றபடியே வைத்து, பிடிமானத்துக்கு எடையை நம்புங்கள்.

ஓட்டும் முறையில் ஒன்றைப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது ஆக்சிலேட்டரை மேலும் அழுத்தாமல் ஒரே சீராக வைத்திருங்கள். சக்கரம் சுற்றினால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அழுத்தினால் இன்னும் சுற்றும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ரோடு வழுக்கும். சில்வர் ஓக் இலை நனைந்து கிடக்கும் இடம், வெயிலே படாத பாசி ஓரம் இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அங்கே மெதுவாக.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உரம் எடுக்கவோ வேறு வேலைக்கோ வெறும் வண்டியாக *இறங்கும்போது* ஆபத்து இதைவிட அதிகம். இறக்கத்தில் எடை முன்னால் சாய்கிறது, பிரேக் பிடித்தால் இன்னும் சாய்கிறது, பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். எஞ்சினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம்தான், நியூட்ரலில் இறங்கவே கூடாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு முழுவதும் பின்சக்கரத்தில்தான் விழுகிறது, ஈர ரோட்டில் திடீரென்று கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால் ஹேண்ட் பிரேக் இழுத்தது போல் ஆகிவிடும். ஏறிய கியரிலேயே ஆரம்பத்திலிருந்து இறங்குங்கள். அப்படியும் பின்பக்கம் நழுவினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சை அழுத்தி, பின்பக்கம் போகும் திசைக்கே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்புங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக்கில் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான். அந்தச் செலவில் சிறு பங்கு போதும் நல்ல டயர் வாங்க. தோட்டத்துக்குள் சேற்றுப் பாதை நீளமாக இருந்து அங்கேயே அடிக்கடி சிக்குகிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பழைய வண்டி என்பதால் கடைசியாக ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய ஓனர் அதிக லோடுக்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கலாம். பல பிக்கப்களில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். பட்டையை மாற்றினால் அதன் கணக்கு தவறிவிடும், கம்பியைக் கழற்றியே விட்ட வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டியில் வால்வு இருந்தால் மெக்கானிக்கிடம் அதைச் சரிபார்த்து அமைக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு ஆள் இல்லாத, ஈரமான, சமமான மைதானத்தில் மூட்டையோடும் மூட்டை இல்லாமலும் மெதுவான வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு மலைக்குக் கொண்டு போங்கள்.