தேயிலையின் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டார்களாமே, அதனால் மலையகத்துக்கு என்ன பயன்?

காலம் மிச்சமாகும். என் கணக்கில் பெரிய பயன் அதுதான்.

தேயிலைச் செடி தன் மகரந்தத்தில் தானே காய் பிடிப்பது அபூர்வம். இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் விதையில் வந்த செடி ஒவ்வொன்றும் ஒரு ரகம். பழைய விதைத் தேயிலை மலையில் நின்று பாருங்கள், அடுத்தடுத்த செடியிலேயே இலை அளவும் நிறமும் துளிர்க்கும் வேகமும் மாறும். கலப்புச் செய்து, நல்லதைப் பொறுக்கி, தண்டு வெட்டி நாற்றுத் தவறணையில் பெருக்கி, பல இடங்களில் நட்டு, விளைச்சலும் ருசியும் பார்த்து ஒரு ரகம் வெளியே வர இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிடும்.

அஸ்ஸாம் வகையின் மரபணுத் தொகுதி 2017இலும் சீன வகையினது 2018இலும் வெளியாகின. இரண்டையும் செய்தவர்கள் சீன ஆய்வாளர்கள். மரபணுத் தொகுதி என்பது செடியின் முழு டி.என்.ஏ.வும்தான்; ஏறத்தாழ 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், மனிதனுக்கு உள்ள அளவு. அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் என்பதால் கோத்தெடுப்பதே பெரும்பாடு.

இதனால் காலம் எப்படி மிச்சமாகும்? தேயிலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோயை எடுத்துக்கொள்வோம். 1946இல் இலங்கைக்கு வந்தது. மழையும் மப்புமாக இருக்கும் நாட்களில் இளங்கொழுந்தில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி தொடங்கி, இலையின் அடியில் வெள்ளையாகப் புடைக்கும். நாம் பறிக்கும் கொழுந்தையே அது தின்கிறது. எந்தச் செடி தாங்கும் என்று அறிய இப்போது மழைக்காலம் மழைக்காலமாகப் பார்க்க வேண்டும். தாங்கும் தன்மையோடு சேர்ந்தே வரும் டி.என்.ஏ. அடையாளம் கிடைத்துவிட்டால், நாற்றின் இலைத் துண்டு ஒன்றை வைத்தே தேறாததைக் கழித்துவிடலாம். இதில் வெளி மரபணு எதையும் புகுத்துவதில்லை. வழக்கமான கலப்புதான், பொறுக்குவது மட்டும் வேகமாகிறது.

ஆனால் அடையாளத்தைக் கண்டுபிடிக்க, செடி செடியாக எழுதிவைத்த வயல் குறிப்புகள் வேண்டும். 1925இல் தொடங்கிய, இப்போது தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் (டீ.ஆர்.ஐ.) பலம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இன்னொரு கவலையும் உண்டு. அந்த நிலையத்தின் ‘டீ.ஆர்.ஐ. 2025’ என்ற ரகம் உட்பட நாம் பரவலாக நட்ட பல ரகங்களுக்குத் தாய் ஒன்றே, அஸ்ஸாமிலிருந்து வந்த ‘ஏ.எஸ்.எம். 4/10’ என்ற செடி. புதுக் குணம் தேடினால் பழைய விதைத் தேயிலைக்குத்தான் போக வேண்டும். அதைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் தண்டு எடுத்து வையுங்கள். கடும் வெயிலிலும் துளிர்க்கும் செடி எது என்று அந்த மலையில் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேட்டால் நேரே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.