இந்தி சினிமா முடிந்ததா?

கேள்வி: இந்திப் படங்களை முதல் நாளே போய்ப் பார்த்தவன் நான். இப்போது எல்லாம் சத்தமும் ரத்தமும்தான். சொந்தக் கதைக்கு வக்கில்லாமல் நம் படங்களை ரீமேக் செய்து பிழைக்கிறார்கள். இந்தி சினிமா முடிந்தது என்கிறேன். சரிதானே?
- திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: பாதி சரி. அந்தப் பாதியிலும் நம் கைங்கர்யம் உண்டு. 2023-இல் வசூலை வாரிய 'ஜவான்' படத்துக்கு இயக்கம் அட்லி, இசை அனிருத், நாயகி நயன்தாரா, வில்லன் விஜய் சேதுபதி. அதே வருடம் 'அனிமல்' எடுத்த சந்தீப் ரெட்டி வங்கா தெலுங்கிலிருந்து போனவர். 3 மணி 21 நிமிடம்! இடைவேளையிலேயே எழுந்து வந்திருப்பேன். பத்திரிகைக்காரன் பிழைப்பு, உட்கார்ந்து தொலைத்தேன்.

ரீமேக் செய்து பிழைக்கிறார்கள் என்பது மட்டும் தப்பு. எங்கே பிழைத்தார்கள்? 'விக்ரம் வேதா' படுத்தது. 'சூரரைப் போற்று'வை சுதா கொங்கராவே 'சர்ஃபிரா' என்று எடுத்தும் படுத்தது. 'தெறி'யை 'பேபி ஜான்' ஆக்கினார்கள், அதுவும் அதே கதி. மூலத்தையே இந்தி டப்பிங்கில் பார்த்துவிட்டவன் மறுபடி எதற்கு டிக்கெட் எடுப்பான்?

நீங்கள் பார்த்தது போஸ்டர் பெரிதாக ஒட்டிய படங்களை. கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' பார்த்தீர்களா? ரயிலில் இரண்டு மணப்பெண்கள் மாறிப்போகிறார்கள். காணாமல் போனவளைத் தேடக் கணவனிடம் இருப்பது ஒரே ஒரு கல்யாண போட்டோ, அதிலும் முகத்தை முக்காடு மூடியிருக்கிறது. அந்த ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சிரிக்க வைத்து, எத்தனை பேரைச் சுருக்கென்று குத்துகிறார்! ரவி கிஷன் நடித்த இன்ஸ்பெக்டர் இன்னும் அருமை. வாய் நிறைய பீடா, கை நிறைய லஞ்சம். கடைசியில் அந்த ஆள்தான் நியாயமாக நடந்துகொள்கிறார். முடிவில் எல்லோருக்கும் நல்லதே நடப்பதில் கொஞ்சம் சர்க்கரை தூக்கல், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது நீரஜ் கெய்வானின் 'ஹோம்பவுண்ட்' (2025). கிராமத்து நண்பர்கள் இருவர், ஒருவன் முஸ்லிம், ஒருவன் தலித். காக்கிச் சட்டை போட்டால் ஊர் மதிக்கும் என்று கான்ஸ்டபிள் பரீட்சை எழுதுகிறார்கள். தலித் பையன் விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டைக் கேட்காமல் பொதுப் பிரிவில் போடுகிறான். சலுகை வேண்டாம் என்ற வீறாப்பெல்லாம் இல்லை, சாதி தெரிந்துவிடுமே என்ற பயம். அவன் அம்மாவின் வெடித்த குதிகாலைக் கேமரா காட்டுகிறது. பிறகு 2020 ஊரடங்கில் சூரத்திலிருந்து ஊருக்குக் கிளம்பி அவர்கள் நடக்கும்போது அந்தக் கால் மறுபடி ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும். தயாரித்தது யார் தெரியுமா? பங்களாவும் வெளிநாடும் தடபுடல் கல்யாணமுமாகப் படமெடுத்துப் பேர் வாங்கிய கரண் ஜோகரின் கம்பெனி!

மறதி நோய் தொடங்கிய ஒரு பெண் தான் படித்த கொங்கண் ஊரைப் போய்ப் பார்ப்பதுதான் 'த்ரீ ஆஃப் அஸ்'. ஷெஃபாலி ஷாவுக்காகவே பார்க்கலாம். உங்கள் ஊர்த் தியேட்டருக்கு இவை வராமலே போயிருக்கலாம். ஆனால் மூன்றுமே நெட்ஃபிளிக்ஸில் வந்தன. முதல் நாள் போகிற ஆசாமி, மூன்றாம் மாதம் வீட்டில் உட்கார்ந்தாவது பார்த்திருக்கலாமே?

கோபப்பட வேறு காரணம் தருகிறேன். கணவர் இறந்ததால் அவருடைய கான்ஸ்டபிள் வேலைக்கு வரும் ஒரு பெண், தலித் சிறுமியின் கொலை வழக்கில் சிக்குவதுதான் சந்தியா சூரியின் 'சந்தோஷ்'. இந்தி பேசும் இந்தப் படத்தை பிரிட்டன் தன் படமாக ஆஸ்கருக்கு அனுப்பியது. இங்கேயோ தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளுக்குப் படக்குழு இணங்காததால் தியேட்டருக்கே வரவில்லை. அது என்றைக்காவது திரைக்கு வந்தால் திருச்சிக்கு நானே வருகிறேன். டிக்கெட் உங்கள் செலவு.