வாய் படபடக்கிறதா? படங்களைக் குறையுங்கள்

அனிமேஷனில் வசனத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய்ப் படம் வைத்தும் கதாபாத்திரத்தின் வாய் படபடக்கிறது, ஒலிக்குச் சற்றுப் பின்தங்கியும் தெரிகிறது என்கிறீர்கள். படபடப்புக்குக் காரணமே அந்த 'ஒவ்வொரு எழுத்துக்கும்'தான்.

பேசும்போது வெளியே தெரிவது பெரும்பாலும் உதடும் தாடையும். க, ங, ண, ள எல்லாம் உள்ளே நடக்கும் நாக்கு வேலை. பக்கத்து உயிரொலியின் வாயிலேயே கடந்துவிடலாம். விடவே கூடாதவை ப, ம. அங்கே உதடு மூடியே ஆக வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். 'அப்புறம் வா' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: திறப்பு, மூடல், குவிப்பு, சின்னத் திறப்பு, மூடல், பெரிய திறப்பு. அவ்வளவுதான். நொடிக்கு 24 பிரேம் (அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள்) என்றால் எந்த வாயும் 2 பிரேமுக்குக் குறையாமல் நிற்கட்டும். இடம் போதாவிட்டால் உயிரொலியிடமிருந்து ஒரு பிரேமைத் திருடி மூடலுக்குக் கொடுங்கள்.

பின்தங்கலுக்கு ஒலியைத் தொடாதீர்கள். வாய்ப் படங்களை மொத்தமாக 1 அல்லது 2 பிரேம் முன்னால் நகர்த்துங்கள். ஒலி வரும் முன்பே உதடு தயாராகிவிடுவதுதான் இயல்பு. நகர்த்தும் முன் ஒருமுறை வீடியோவாக ஏற்றுமதி செய்து பாருங்கள். மென்பொருளின் முன்னோட்டம் சில நேரம் பிரேம்களை விழுங்கிவிடும், வீணாக நகர்த்திக்கொண்டிருப்போம்.

அடுத்த வசனத்துக்குத் தாடை ஏறி இறங்குவதை மட்டும் முதலில் செய்து ஓட்டிப் பாருங்கள். அது பொருந்திய பிறகு உதட்டுக்குப் போகலாம்.